துவாஸ், செயின், ஓன், முழம்: பழைய தாள்களில் உள்ள நீளத்தை மீட்டராக்குவது எப்படி?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் மூன்று பழைய தாள்கள் கிடைத்தன. மனையின் பிரெஞ்சுப் பத்திரத்தில் அகலம் ‘4 துவாஸ் 2 பியே’. கடலூர்ப் பக்கத்து நிலத்தின் வரைபடத்தில் ஒரு பக்கம் ‘3.5 செயின்’. துணிக் கணக்கில் ‘20 ஓன்’. மீட்டரிலும் கெஜத்திலும் இவை எவ்வளவு?

பதில்: பெருக்குவதற்கு முன்னால், எழுதியவர் எந்த ஊர் அளவுகோலைப் பிடித்தார் என்று பார்த்துவிடுங்கள். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன.

மனையிலிருந்து தொடங்கலாம். பழைய பாரீஸ் அளவில் 6 பியே சேர்ந்தால் ஒரு துவாஸ். ஒரு பியே, அதாவது பிரெஞ்சு அடி, 32.484 செ.மீ. ஆக 4 துவாஸ் 2 பியே என்பது 26 பியே, அதாவது 8.446 மீட்டர். நம் அடிக்கணக்கில் 27 அடி 8½ அங்குலம். பத்திரத்தைத் தமிழில் பெயர்த்தவர் ‘பியே’ என்பதை ‘அடி’ என்று எழுதியிருந்தால், அதை 26 அடி என்றே படித்துவிடுவீர்கள். 52 செ.மீ. காணாமல் போகும், பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறுக்கு அது போதும். மூலப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

அடுத்து நிலம். ஆங்கிலேயர் கால அளவைக்குப் பயன்பட்ட கண்டர் சங்கிலி 66 அடி நீளம், அதாவது 20.1168 மீட்டர். அதில் 100 லிங்க்; ஒரு லிங்க் 7.92 அங்குலம். உங்கள் ‘3.5’தான் சிக்கல். மூன்றரை செயின் என்றால் 350 லிங்க், 70.41 மீட்டர். எழுதியவர் ‘3 செயின், 5 லிங்க்’ என்ற பொருளில் நடுவே புள்ளி வைத்திருந்தால் 305 லிங்க், 61.36 மீட்டர். ஒன்பது மீட்டர் வித்தியாசம்!

இதைத் தீர்க்க அதே தாளிலேயே வழி உண்டு. ஒரு ஏக்கர் 1,00,000 சதுர லிங்க், ஒரு சென்ட் 1,000 சதுர லிங்க். நீளத்தையும் அகலத்தையும் லிங்கில் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் நேராகச் சென்ட் வந்துவிடும். அகலம் 200 லிங்க் என்று வைத்துக்கொள்வோம்: 350 என்றால் 70 சென்ட், 305 என்றால் 61 சென்ட். பத்திரத்தில் எழுதிய விஸ்தீரணம் எதோடு ஒத்துப்போகிறதோ அதுதான் சரி. நிலம் கோணலாக இருந்தால் முக்கோணங்களாகப் பிரித்துக் கூட்டுங்கள். இரண்டுமே ஒத்துவராவிட்டால், 100 அடி நீளச் சங்கிலியால் அளந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதில் ஒரு லிங்க் ஓர் அடி. பிற்காலத்து மீட்டர் சங்கிலியின் லிங்க் சரியாக 20 செ.மீ. இது கண்டர் லிங்குக்கு மிக நெருக்கம் என்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். 1,000 லிங்குக்கு 1.17 மீட்டர் வித்தியாசம் வரும்.

துணிக்கு வருவோம். பாரீஸ் ஓன் 1.188 மீட்டர்; கெஜத்தில் 1.3 என்று கொள்ளலாம். 20 ஓன் 23.76 மீட்டர், கிட்டத்தட்ட 26 கெஜம். அகராதியைப் பார்த்து ஓனை ‘எல்’ (ell) என்ற ஆங்கிலத் துணியளவு ஆக்கிவிடாதீர்கள். அது 45 அங்குலம்தான். 20 ஓனுக்கு ஒரு கெஜத் துணி குறையும். பரங்கிப்பேட்டை டச்சுக் கணக்குகளில் வரும் ஆம்ஸ்டர்டாம் ‘எல்’ இன்னும் சிறியது, சுமார் 69 செ.மீ. பிரான்சில் 1812 முதல் 1839 முடிய கடைப்புழக்கத்துக்கென ஓனை 1.20 மீட்டர் என்று வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே எழுதிய பட்டியல் என்றால் 20 ஓன் 24 மீட்டர். எனவே தேதியைப் பாருங்கள்.

தமிழ்க் கணக்கில் முழம் வந்தால் சுலபம்: 2 சாண் ஒரு முழம், 2 முழம் ஒரு கெஜம், அதாவது 91.44 செ.மீ. பதினெட்டு முழச் சேலையும் ஒன்பது கெஜமும் ஒன்றே, 8.23 மீட்டர். வீட்டில் இருக்கும் எட்டு முழ வேட்டியை இழுக்காமல் தரையில் விரித்து டேப் வைத்துப் பாருங்கள், 3.66 மீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். கையால் அளந்த முழம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அப்படிப்பட்ட கணக்கை மீட்டராக்கும்போது தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.