பஞ்சென்ஸா, மல்டிசீரீஸா?

கேள்வி: கடல் தண்ணி சாம்பிள்ல ஊசி மாதிரி செல்லுங்க நுனியும் நுனியும் ஒட்டிக்கிட்டு சங்கிலியா இருக்கு. சூடோ-நிட்ஷியாங்கிற டயாட்டம் பேரினம்னு வரைக்கும் கண்டுபிடிச்சிட்டேன், ஆனா அதுல பஞ்சென்ஸ் இனமா மல்டிசீரீஸ் இனமான்னு தெரியல. நீளத்த அளந்தா ரெண்டுக்குமே பொருந்துது. எப்படிங்க பிரிக்கிறது?

பதில்: முதல்ல அந்த நீளத்த விட்டுருங்க. டயாட்டம்ங்கிறது கண்ணாடி மாதிரி ஓடு உள்ள ஒத்த செல் பாசி, அது ஒவ்வொரு தடவை ரெண்டா பிரியும்போதும் புது ஓட்டுப்பாதி பழசுக்கு உள்ளேயே உருவாகுறதால தலைமுறைக்குத் தலைமுறை சைஸ் குறைஞ்சுக்கிட்டே வரும், அப்புறம் பாலினப்பெருக்கம் நடந்தாத்தான் மறுபடி பெருசாகும், அதனால ஒரே இனத்துலயே நெட்டையும் குட்டையும் கிடைக்கும். அகலம் அவ்ளோ மாறாது. 3 மைக்ரானுக்கு மேலன்னா சீரியாட்டா குரூப், கீழன்னா டெலிகேட்டிஸிமா குரூப்னு பொதுவா சொல்லுவாங்க. ஆனா நீங்க கேக்குற ரெண்டுமே முதல் குரூப்புதான், அதனால அகலமும் இங்க கை கொடுக்காது. சில சூடோ-நிட்ஷியா இனங்கள்ல ஓட்டோட நடுவுல தெரியுற பெரிய இடைவெளி இந்த ரெண்டுலயும் கிடையாது, ஓட்டுல இருக்குற குறுக்குக் கோடுகளோட எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

வித்தியாசம் இருக்குறது அந்தக் கோட்டுக்குள்ள. பஞ்சென்ஸ்ல ஒரு கோட்டுக்கு ரெண்டு வரிசை துளை, பெருசு பெருசா, ஒரு மைக்ரானுக்கு 3 இல்ல 4தான் இருக்கும். மல்டிசீரீஸ்ல 3, 4 வரிசை, துளையும் பொடிசு, நெருக்கம். இதப் பாக்க செல்லுக்குள்ள இருக்குற சதையெல்லாம் போகணும். முதல்ல நல்ல தண்ணில உப்பு போக நாலஞ்சு தடவை அலசுங்க (இத அவசரத்துல விட்டுட்டா உப்புப் படிகம் ஒட்டிக்கிட்டு துளையே தெரியாது), அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடுலயோ ஆசிட்லயோ சுத்தம் பண்ணணும், ஆசிட்னா லேப்ல பழகினவங்க பக்கத்துல இருக்கட்டும். சுத்தம் பண்ண ஓட்ட ஆயில் லென்ஸ்ல பாத்தா பஞ்சென்ஸோட துளை சில சமயம் தெரியும், ஆனா உறுதியா சொல்ல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேணும். சாதா மைக்ரோஸ்கோப்பால 0.2 மைக்ரானுக்குக் கீழ பிரிச்சுக் காட்ட முடியாதுங்க.

இவ்ளோ கஷ்டப்படணுமான்னு தோணும். 1987ல கனடாவோட பிரின்ஸ் எட்வர்ட் தீவு மஸல் சிப்பிய சாப்பிட்டு 100 பேருக்கு மேல உடம்புக்கு முடியாம போச்சு, 3 பேர் இறந்தாங்க, சிலருக்கு ஞாபக சக்தியே பாதிச்சது. காரணம் டோமோயிக் ஆசிட்ங்கிற நரம்பு விஷம், அத உண்டாக்கினது மல்டிசீரீஸ். அப்போ அதுக்குத் தனி இனம்ங்கிற பேருகூட இல்ல, பஞ்சென்ஸோட ஒரு வடிவம்னுதான் வச்சிருந்தாங்க. அதுக்காக பஞ்சென்ஸ்னு தெரிஞ்சதும் நிம்மதியா இருந்துராதீங்க, அதுலயும் சில ஸ்ட்ரெய்ன் (உள்வகை) விஷம் பண்ணியிருக்கு, விஷம் இருக்கான்னு தனியா டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும்.

வாய்ப்பு இருந்தா ஒரே ஒரு சங்கிலிய தனியா எடுத்து வளத்து, பாதிய மைக்ரோஸ்கோப்புக்கும் பாதிய டிஎன்ஏவுக்கும் குடுங்க, டிஎன்ஏல ஐடிஎஸ்ங்கிற (ITS) பகுதி இந்த ரெண்டையும் நல்லாவே பிரிக்கும். அதுவரைக்கும் நோட்டுல "சூடோ-நிட்ஷியா, பஞ்சென்ஸ் அல்லது மல்டிசீரீஸ்"னு மட்டும் எழுதுங்க. பாக்காத துளைய நம்பி பேரு வைக்காதீங்க, பின்னாடி உங்க லிஸ்ட்ட எடுத்துப் பாக்குறவங்க அத அப்படியே நம்பிருவாங்க.