சிறையில் சாதி பார்த்து வேலை கொடுப்பது சட்டப்படி சரியா?

கூடவே கூடாது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சமையலுக்கு இன்ன சாதி, கக்கூஸ் கழுவ இன்ன சாதி என்று சில மாநிலச் சிறைக் கையேடுகளில் எழுதியே வைத்திருந்தார்கள். நம் பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்புச் சட்டத்தின் 17வது பிரிவுக்கே இது விரோதம்.

கையேடுகளைத் திருத்த 3 மாதம் கெடு கொடுத்தார்கள். கைதிப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையும் நீக்கச் சொன்னார்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. கையில் கரண்டியா துடைப்பமா என்பதை இனி அந்தக் கட்டம் முடிவு செய்ய முடியாது.

அப்புறம், உறவினர் யாருக்காவது இப்படி நடந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தயங்காமல் மனு கொடுங்கள். சிறைகளில் இதைச் சோதிக்கும் பொறுப்பு அவர்களுக்கும் உண்டு.