சிறார் இல்லத்தில் இசை – கடிதம்

வணக்கம். குற்றம் புரிந்த சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றில் வாரந்தோறும் கூட்டிசை வகுப்பு நடத்த நண்பர்கள் சிலர் முடிவுசெய்திருக்கிறோம். எந்த வாத்தியத்தில் தொடங்கலாம்? இசை அவர்களைத் திருத்துமா? நன்னடத்தை உள்ளவர்களை மட்டும் சேர்த்து, ஆண்டு இறுதியில் விருந்தினர் முன் நிகழ்ச்சி நடத்தவும் எண்ணம்.
க.

அன்புள்ள க.,

உங்கள் முனைப்பு மகிழ்ச்சி தருகிறது. நான் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கும் விஷயம் என்பதால் உடனே எழுதுகிறேன்.

முதல் நாளே எல்லாரும் சேர்ந்து வாசிக்க முடிகிற எந்த வாத்தியமும் சரிதான். பிரிட்டனில் குட் வைப்ரேஷன்ஸ் என்னும் தொண்டு அமைப்பு 2003 முதல் சிறைகளில் இந்தோனேசியாவின் கேமலான் என்னும் கூட்டுத் தாள இசையைக் கற்றுத்தருகிறது. முன்பயிற்சி இல்லாதவரும் அதில் தன் பங்கை விரைவில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் பங்கு மட்டும் இசையாகிவிடாது. திருத்துமா என்ற கேள்வியை விடுங்கள். வீடும் பள்ளியும் வேலையும் செய்யவேண்டியதை ஒரு முரசின் தலையில் கட்டக்கூடாது.

‘நன்னடத்தை உள்ளவர்களை மட்டும்’ என்று எப்படி எழுத மனம் வந்தது? இத்தகைய வகுப்பு ஒன்றில், முந்தைய நாள் கைகலப்பில் இறங்கிய பையனிடம் பெரிய முரசைக் கொடுத்திருந்தார்கள். பதினாறு எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் அடி. அவன் திரும்பத் திரும்ப முந்திக்கொண்டான். யாரும் திட்டவில்லை, வாசிப்பு தடுமாறி நின்றது, மீண்டும் தொடங்கினார்கள். பிறகு அவன் இடக்கை விரல்களைத் தொடைமேல் ஒவ்வொன்றாக மடக்கி, உதடசைத்து எண்ணி, தன் முறைக்காகக் காத்திருக்கத் தொடங்கினான். உங்கள் விதிப்படி அன்று அவன் அறைக்குள் அடைந்து கிடந்திருப்பான். சொன்னபடி கேட்கும் பிள்ளைகள் மட்டும் வாசித்திருப்பார்கள்.

1989இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, கலைகளில் பங்கேற்பதை ஒவ்வொரு குழந்தையின் உரிமையாகவே சொல்கிறது. நன்னடத்தைச் சான்று கேட்கவில்லை. இசையைப் பரிசாக்கினால், அந்தப் பிள்ளைகளிடமிருந்து பறிப்பதற்கு இன்னொரு பொருளை நீங்களே அதிகாரிகள் கையில் கொடுக்கிறீர்கள்.

விருந்தினர் நிகழ்ச்சியும் வேண்டாம். சிறார் நீதிக்கான ஐ.நா.வின் 1985ஆம் ஆண்டுப் பெய்ஜிங் விதிகள், குற்றம் புரிந்த சிறுவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது என்கின்றன. நீங்களோ மேடையும் புகைப்படக்காரரும் ஏற்பாடு செய்யப் பார்க்கிறீர்கள். பிள்ளைகள் விரும்பினால் பெற்றோர் முன் வாசிக்கட்டும், போதும்.

வகுப்பைத் தொடங்குமுன் இல்லக் கண்காணிப்பாளரிடம் ஒன்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: வேறெங்கோ செய்த தவறுக்குத் தண்டனையாக எந்தப் பையனையும் இசை வகுப்பிலிருந்து நிறுத்தக்கூடாது. வகுப்பிலேயே சண்டை வந்தால், அன்று மட்டும் அவன் விலகி உட்காரட்டும். அடுத்த வாரம் அவன் வாத்தியத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.