அழுத பிறகு

அன்புள்ள ஐயா,

என் அப்பா பெருங்குடிகாரர். அம்மாவை அடிப்பார், தாலிச் சங்கிலியைக்கூட அடகு வைத்தார். போன லெந்துத் தவக்காலத்தில் சபையில் ‘நான் பாவிதான்’ பாடியபோது முன்னால் போய் முழங்காலிட்டு அழுதார். எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். என்னால் முடியவில்லை. அது பாவமா? இந்த வெள்ளைக்காரப் பாட்டுகள்தான் மனிதனை நடிக்க வைக்கின்றன. நம் கீர்த்தனைகள் போதாதா?

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

கீர்த்தனைச் சண்டையை விடுங்கள். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களைத் தொகுத்து 1853இல் அச்சிட்டவரே மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப்தான். ‘நான் பாவிதான்’ பாட்டின் மூலத்தை எழுதிய ஷார்லட் எலியட் நோயோடு காலம் தள்ளிய பெண். யாரையும் நடிக்கச் சொல்லவில்லை.

சில நாட்களாக ஜான் நியூட்டனை நினைத்துக்கொண்டிருந்தேன். ‘அமேசிங் கிரேஸ்’ என்ற ஆங்கில ஞானப்பாட்டை எழுதியவர். 1748இல் புயலில் கப்பல் முழுகப் போனபோது ஆண்டவரை நோக்கிக் கதறினார். பிரசங்கத்தில் இத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். கரை சேர்ந்த பிறகுதானே ஐயா அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார்! 1754 வரை கடலில் போனார். மேல்தளத்தில் ஜெபம், கீழ்த்தளத்தில் விலங்கிட்ட மனிதர்கள். அந்த வியாபாரத்தைக் கண்டித்து அவர் எழுதியது 1788இல். கதறலுக்கும் அதற்கும் நடுவே நாற்பது வருடம். கதறல் பொய்யில்லை, ஆனால் அதற்குள் எத்தனை பேர் விற்கப்பட்டார்கள்?

எங்கள் ஊரில் சீட்டுப் பணத்தை விழுங்கிய ஒருவர் உங்கள் அப்பாவின் பாட்டையே ஆர்மோனியத்தை மீறிப் பாடுவார். கடைசி அடியில் குரல் உடையும். பணம் போட்ட என் பாட்டி பின்னால் பாயில் உட்கார்ந்து, செய்தித்தாள் அட்டை போட்ட பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்து வரிவரியாகப் பாடுவாள். பாட்டியிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆண்டவரிடம் அழுவது சுலபம்; அவர் சீட்டு நோட்டை எடுத்து நீட்டமாட்டாரே! இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரன் சகேயு அழுதானா, பாடினானா என்று சுவிசேஷத்தில் லூக்கா சொல்லவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான்.

உங்கள் கோபம் பாவமில்லை, தம்பி. ஆனால் உங்களையும் திட்ட வேண்டும். அப்பா அழுததை எழுதினீர்கள், நீங்கள் ஒதுங்கியதை எழுதினீர்கள். அன்றைக்கு அம்மா எங்கே உட்கார்ந்திருந்தார், என்ன சொன்னார், ஒரு வரி இல்லை. அடி வாங்கியவர் அவர். மன்னிப்பதா வேண்டாமா என்று முதலில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

அடகுச் சீட்டு வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நாளைக்கே கடைக்குப் போங்கள். வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.