அமெரிக்காவில் எடுபடாத பேஸ்பால் வீரர் ஜப்பானில் சாதிப்பது எப்படி?

ராண்டி பாஸ் நல்ல உதாரணம். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் 1977 முதல் 1982 வரை ஐந்து அணிகள் மாறியும் அவர் அடித்தது மொத்தம் 9 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது). ஜப்பானின் ஹன்ஷின் டைகர்ஸ் அணிக்கு 1985இல் மட்டும் 54! அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் 'டிரிபிள் கிரவுன்' அவருக்கே. அதாவது அடி விகிதம் (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு வெற்றிகரமாக அடித்தார் என்ற கணக்கு), ஹோம் ரன், அணிக்கு ஓட்டம் சேர்த்தல் மூன்றிலும் லீக்கில் முதலிடம்.

முக்கியக் காரணம் வாய்ப்பு. ஆறு ஆண்டுகளில் அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்தது 130 ஆட்டங்கள்தான். யாராவது லீவு போட்டால் மட்டும் பஸ் ஓட்டும் மாற்று ஓட்டுநருக்கு அந்த ரூட்டின் மேடுபள்ளம் எப்படிப் பழகும்? ஜப்பானில் வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அடிப்பதற்கென்றே அழைத்து வருவதால் தினமும் ஆட வைப்பார்கள். அங்கே வேகத்தைவிட வளைந்து வரும் பந்துகள் அதிகம். பொறுமைசாலியான பாஸுக்கு அது தோதாக அமைந்தது.

"ஜப்பான் லீக் சுலபம், யார் போனாலும் அடிக்கலாம்" என்பது தவறு. பின்னாளில் அமெரிக்காவையே அசத்திய ஜப்பானிய வீரர் இச்சிரோ ஜப்பானில் எட்டிய உச்ச அடி விகிதமே .387 (ஆயிரம் வாய்ப்புக்கு 387) தான்; 1986இல் பாஸ் எட்டியது .389.