ஓடிபி கொடுக்கும் முன்: வாரன்டி கேள்வி பதில்

கே: மகளுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். பில் என் பெயரில். அவள் புகார் கொடுத்தால் செல்லுமா?

ப: செல்லும். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். பில் மட்டும் மகளிடம் இருக்கட்டும்.

கே: "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்றார் கடைக்காரர். சரியென்று கிரைண்டர் வாங்கினேன். நாலாம் மாதம் மோட்டார் புகைந்துவிட்டது. இப்போது, "நாங்க விற்கவே இல்லை" என்கிறார்கள்.

ப: சொல்லத்தான் செய்வார்கள். வரியை ஏய்க்க நீங்களும் கூட்டுச் சேர்ந்துவிட்டு, வாரன்டி எங்கே என்று கேட்டால் எப்படி? பில் தராமல் விற்பது சட்டப்படி முறையற்ற வணிகம்தான். ஆனால் விற்பனை நடந்ததை நீங்கள் காட்டியாக வேண்டும். ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவு, பெட்டியில் ஒட்டிய சீரியல் எண், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கடையை விட்டுவிட்டு நேராகக் கம்பெனிக்கு எழுதுங்கள். தயாரித்த தேதியிலிருந்து கணக்கிட்டு ஏற்கும் கம்பெனிகளும் உண்டு. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ரிப்பேர் கடைதான்.

கே: ஃப்ரிட்ஜ் வாங்கி பத்து மாதம். நான்கு தடவை கூலிங் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறார்கள். மாற்றித் தரச் சொன்னால், "சரி பண்ணிக் கொடுத்துட்டோமே, கம்ப்ளெயின்ட் எல்லாம் க்ளோஸ் ஆயிடுச்சு" என்கிறார்கள். ஓராண்டு வாரன்டி முடியப்போகிறது.

ப: உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். ஃப்ரிட்ஜின் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கும். குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடித்து, வெல்டு வைத்து, ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றி, குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து (வேக்கும் போட்டு), பிறகு எடை பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். வெறுமனே நிரப்பிவிட்டுப் போவது வாரன்டி முடியும்வரை நாளைத் தள்ளும் வேலை.

அதற்குத் துணைபோவது நீங்கள் கொடுத்த ஓடிபி. மெக்கானிக் கிளம்பும்போது கேட்கும் அந்த எண்ணுக்கு, கம்பெனி கணக்கில் "குறை தீர்ந்தது, வாடிக்கையாளருக்குத் திருப்தி" என்று அர்த்தம். ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் உறையும்வரை கொடுக்காதீர்கள். அவசரப்படுத்தினால், "நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிடுங்கள். ஜாப் ஷீட் (செய்த வேலையை மெக்கானிக் எழுதித் தரும் தாள்) இல்லாமலும் அனுப்பாதீர்கள். தேதி, நீங்கள் சொன்ன குறை, அவர் கண்ட கோளாறு, மாற்றிய பாகம் நான்கும் அதில் இருக்க வேண்டும். "செக்டு ஓகே" என்று மட்டும் கிறுக்கினால் கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: நான்கு புகார் எண்களும் எஸ்எம்எஸ்ஸில் இருக்கும், அழிக்காதீர்கள். வாரன்டி முடியுமுன் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு தேதிகளையும் குறிப்பிட்டு, மாற்றித் தரவேண்டும் அல்லது பணம் திரும்ப வேண்டும் என்று கேட்டு, 15 நாள் கெடு வையுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. தயாரிப்புக் கோளாறா என்று சோதித்தால்தான் தெரியும் என்ற நிலை வந்தால், ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாளில் அறிக்கை தர வேண்டும். சோதனைக் கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். ஒரே கோளாறைச் சொல்லும் நான்கு ஜாப் ஷீட் கையிலிருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும்.

கே: ஏசிக்கு "10 ஆண்டு வாரன்டி" என்றார்கள். மூன்றாம் ஆண்டு பிசிபி (எலக்ட்ரானிக் சர்க்யூட்) போர்டு போனதற்குப் பணம் கேட்கிறார்கள்.

ப: பத்தாண்டு கம்ப்ரஸருக்கு மட்டும் இருக்கும். கம்ப்ரஸரே போனாலும் கேஸ், கூலி, வண்டிச் செலவு தனி என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். (என் வீட்டு வாட்டர் ஃபில்டர் பெட்டியிலும் ஐந்து என்ற எண்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அது தொட்டிக்கு மட்டுமாம்.) விளம்பரத்தில் "கம்ப்ரஸருக்கு" என்ற சொல்லே இல்லாவிட்டால் விடாதீர்கள். முக்கியத் தகவலைக் குறிப்புக்குள் ஒளிப்பதை 2022 விளம்பர வழிகாட்டு நெறிகள் தடுக்கின்றன. சொன்ன வாரன்டிக்கு ஏற்பப் பொருள் இல்லாமல் தீங்கு நேர்ந்தால், கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தாலும் தயாரிப்பாளர் தப்ப முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவைப் பாருங்கள்.

கே: மிக்ஸி ஜார் இரண்டாம் நாளே ஒழுகுகிறது. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறது.

ப: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். நிறம் பிடிக்கவில்லை என்று போனால் மட்டும் கடைக்காரர் பேச்சுதான் நிற்கும்.

கே: வழக்குக்கு எவ்வளவு ஆகும்? கம்பெனி வேறு மாநிலத்தில் இருக்கிறது.

ப: முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள், பல புகார்கள் அங்கேயே முடியும். முடியாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், கம்பெனி எங்கிருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

கே: பில் எழுத்து மங்கிவிட்டது.

ப: தெர்மல் தாள் அப்படித்தான். கடையில் நகல் கேளுங்கள். இனி வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.