அரசு மருத்துவமனையும் தனியார் கூட்டும்: வாசகர் கேள்வி-பதில்

வந்த கடிதங்களில் பாதி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பற்றியவை. ஒன்றுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறேன், மற்றவர்களும் அதையே தங்களுக்கானதாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. தனியார் மருத்துவமனையில் 20,000 ரூபாய் தனியாகக் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? (முகப்பேர்)

என்ன அறுவை சிகிச்சை, காப்பீட்டுத் திட்டத்தின் முன் அனுமதி வந்துவிட்டதா, எதற்காக அந்தப் பணம்? ஒன்றையும் எழுதாமல் கட்டலாமா என்று மட்டும் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். பொதுவாகச் சொல்கிறேன். சிகிச்சையும் மருத்துவமனையும் திட்டப் பட்டியலில் இருந்து, முன் அனுமதியும் வந்தாயிற்று என்றால், படுக்கை, மருந்து, பரிசோதனை எல்லாம் அந்தச் சிகிச்சைக்கு மொத்தமாக நிர்ணயித்த தொகுப்புக் கட்டணத்துக்குள் அடக்கம். உங்களிடம் மேற்கொண்டு வாங்கக் கூடாது. 'மெட்டீரியல் சார்ஜ்' என்று இழுத்தால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள், பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மருத்துவமனையில் இந்தத் திட்டத்துக்கென்று உட்கார்ந்திருப்பவரிடம் முதலில் கேளுங்கள், அப்புறம் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993.

'இலவசமாகப் பார்க்கிறார்கள், எப்படிக் கேள்வி கேட்பது' என்றும் தயங்குகிறீர்கள். யார் இலவசமாகப் பார்க்கிறார்கள்? உங்கள் சார்பில் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டுகிறது. காப்பீடு பணம் கட்டினாலும் நோயாளி நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: 108 ஆம்புலன்ஸ் அரசா, தனியாரா? (பெரம்பூர்)

பணம் அரசுடையது, நடத்துவது ஈ.எம்.ஆர்.ஐ. என்ற தனியார் நிறுவனம். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து இப்படித்தான். நோயாளி காசு கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஜி.எச்.சில் ஸ்கேனுக்குக் காசு வாங்குகிறார்களே, அதையும் தனியாரிடம் விட்டுவிட்டார்களா? (தண்டையார்பேட்டை)

இல்லை. அது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துவது, அரசு நிறுவனம். சி.டி. 500, எம்.ஆர்.ஐ. 2,500 என்ற அளவில் இருக்கும். வெளியே விசாரித்துவிட்டு வந்து கோபப்படுங்கள்.

கேள்வி: ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் எல்லாவற்றையும் ஒரு பெரிய தனியார் குழுமத்திடம் கொடுத்துவிட்டால் சுத்தமாகவாவது இருக்குமே. அரசுக்கு என்ன தயக்கம்? (அண்ணா நகர்)

சுத்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? பெரிய அரசு மருத்துவமனைகளில் துப்புரவு வேலை ஏற்கெனவே தனியார் ஒப்பந்தத்தில்தான் நடக்கிறது. கழிவறை நாறினால் அது நீங்கள் கேட்கும் அதே ஏற்பாட்டின் நாற்றம்தான். ஒப்பந்தம் போடுவது சுலபம். மாதா மாதம் வரும் பில்லைப் படித்து, இந்த வேலை நடக்கவில்லை, இவ்வளவு பிடித்தம் என்று எழுதுகிற ஆள் அரசிடம் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருப்பதில்லை, இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

லெசோத்தோ என்று ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. தலைநகர் மசேருவில் இருந்த பழைய அரசு மருத்துவமனைக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று கட்டி நடத்த, தென்னாப்பிரிக்காவின் நெட்கேர் என்ற தனியார் மருத்துவமனைக் குழுமத்தின் தலைமையிலான கூட்டமைப்போடு 2008-ல் 18 வருட ஒப்பந்தம் போட்டார்கள். ஆலோசனை சொன்னது உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. 2011-ல் திறந்தார்கள். சிகிச்சை நன்றாகவே இருந்தது, பழைய மருத்துவமனையைவிட இறப்பு குறைந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வருடக் கட்டணம் விலைவாசியோடு ஏறும்படி எழுதியிருந்தார்கள், குறித்த எண்ணிக்கைக்கு மேல் வரும் நோயாளிகளுக்குத் தனிக் கட்டணம் வேறு. நல்ல மருத்துவமனை என்றால் கூட்டம் வராதா? வந்தது, பில்லும் வந்தது. நாட்டின் சுகாதார பட்ஜெட்டில் பாதியை இந்த ஒரு மருத்துவமனையே விழுங்குகிறது என்று 2014-ல் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் சொன்னது. அவ்வளவு இல்லை என்று உலக வங்கி மறுத்தது. அவர்கள் சொன்ன கணக்கை எடுத்துக்கொண்டாலும், மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டிய காசு தலைநகரத்தில் முடங்கியது என்பதே என் வாதம். 2021-ல் செவிலியர் சம்பளத் தகராறு முற்றி, வேலைநிறுத்தம் செய்தவர்களைக் கூட்டமைப்பு நீக்கியதும், அரசு ஒப்பந்தத்தையே பாதியில் முடித்துக்கொண்டது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் டெல்லி. இந்திரப்பிரஸ்தா அப்போலோவுக்கு ஒரு ரூபாய் குத்தகையில் 15 ஏக்கர் அரசு நிலம், பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு படுக்கை ஏழைகளுக்கு இலவசம். படுக்கை இலவசம்தான், மருந்தும் ஊசியும் இலவசம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று மருத்துவமனை வாதாட, வழக்கு இழுத்தது. எல்லாமே இலவசம்தான் என்று 2009-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவமனை திறந்தது 1996-ல், இடையில் எத்தனை ஏழைகள் திரும்பிப் போனார்களோ.

தனியார் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை, 108 நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஒப்பந்தத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள், அதைப் படிக்கத் தெரிந்த ஆளை வையுங்கள், அப்புறம் எந்தக் குழுமத்தை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த வாரம் யாராவது 'கொடுத்துவிட்டால் என்ன' என்றுதான் எழுதுகிறார்கள்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்கு அரவிந்த் கண் மருத்துவமனையைப் பொது-தனியார் கூட்டுக்கு உதாரணமாக எழுதலாமா? (தாம்பரம்)

கூடாது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது, நடத்துவது அறக்கட்டளை. காசு கொடுப்பவர்களின் வருமானத்தில் கொடுக்க முடியாதவர்களுக்குச் சிகிச்சை என்பதுதான் அதன் வழி. அவர்களுடைய ஆரோலேப் 1992 முதல் உள்விழி லென்ஸ் செய்து விலையை அடியோடு இறக்கியது, அதை எழுதுங்கள். முகாம் அறுவை சிகிச்சைகளுக்கு அரசின் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டம் மானியம் தருவது உண்டு. அந்தப் பகுதியை மட்டும் வேண்டுமானால் கூட்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் கம்பெனியின் சி.எஸ்.ஆர். நிதியில் ஒரு அரசு மருத்துவமனைக்கு இரண்டு டயாலிசிஸ் இயந்திரம் கொடுக்க நினைக்கிறோம். என்ன நடைமுறை? (அம்பத்தூர்)

நடைமுறையை விடுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் யார் தருவார்கள்? ஒரு தடவைக்கே நூறு லிட்டருக்கு மேல் சுத்தமான தண்ணீர் வேண்டும். டெக்னீஷியன் சம்பளம், ரத்தத்தை வடிகட்டும் டயலைசர், டியூப், வருடாந்திரப் பராமரிப்பு? ஒரு நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆயுள் முழுக்க வருவார். உங்கள் நிதியோ மார்ச் மாதத்தோடு முடிந்துவிடும். இயந்திரத்துக்கு ஒதுக்கியதில் பாதியையாவது ஐந்து வருட ஓட்டச் செலவுக்கு ஒதுக்கி, அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முடியாது என்றால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மையத்துக்குக் கொடுத்துவிடுங்கள். சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து, சிறுநீரக நோயாளிகளுக்கான டேங்கர் அறக்கட்டளை நடத்தும் மையங்கள் இருக்கின்றன. ரிப்பன் வெட்டும் படம் கிடைக்காது, பரவாயில்லையா?

கேள்வி: எனக்கு டி.பி. என்று தனியார் டாக்டர் சொல்லி, அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறார். பெயர் வெளியே தெரிந்துவிடுமா? (பெயர் வேண்டாம்)

பயப்படாதீர்கள். 2012 முதல் தனியார் டாக்டரும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், உங்கள் டாக்டர் சரியாகத்தான் செய்கிறார். பதிவு, டி.பி. நோயாளிகளுக்காக அரசு வைத்திருக்கும் நிக்ஷய் என்ற கணினித் தளத்தில், ஊருக்கு அறிவிப்பதற்கு அல்ல. பதிந்தால் மருந்து இலவசமாகக் கிடைக்கும், ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், தனியாரிடம் சிகிச்சை பெற்றாலும் உண்டு. டாக்டரை மாற்ற வேண்டியதில்லை. சென்னையில் தனியார் டாக்டர்களையும் அரசுத் திட்டத்தையும் இணைக்கும் வேலையை ரீச் அமைப்பு பல வருடமாகச் செய்கிறது, சந்தேகம் இருந்தால் அவர்களிடமும் கேட்கலாம். இரண்டு மாதத்தில் இருமல் நின்று எடை ஏறிவிடும், அப்போது மாத்திரையை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள், சாதாரண டி.பி. என்றாலும் குறைந்தது ஆறு மாதம்.